பாஸ்டர் ஜோசுவேயின் பத்து நிமிடம்

பொது இடத்தில் நான் என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் சத்தமிட்டிருக்கிறேன். அது ஒரு தேவாலயத்தில், மூன்று பரீட்சகர்களின் முன்னிலையில் நிகழ்ந்தது. (பரீட்சை என்னுடையதல்ல.)

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஆங்கில இலக்கிய மாணவி என்ற ஒரே தகுதியுடன், டென்மார்க்கின் ஹ்விடோவ்ரேயில் ஒரு தேவாலய மண்டபத்தில் ஆபிரிக்கப் போதகர்கள் ஐவருக்கு வியாழக்கிழமைகளில் ஆங்கிலம் கற்பித்தேன். தம் நாடுகளில் பல ஆண்டுகள் ஊழியம் செய்த அவர்களுக்கு, இங்கே திருப்பணிப் பயிற்சியில் சேர ஆங்கிலம் வேண்டியிருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது; சைவக் குடும்பம்; ஒரு பிரசங்கத்தையும் முழுதாகக் கேட்டதில்லை. இவற்றில் எதுவும் என் சிவப்புப் பேனாவைத் தடுக்கவில்லை.

முதலில் பரீட்சைக்குப் போனவர் கொங்கோவைச் சேர்ந்த பாஸ்டர் ஜோசுவே. ஆங்கிலத்தில் பத்து நிமிடம் பிரசங்கிக்க வேண்டும். குறைந்தால் இடமில்லை, மருத்துவமனைத் தரையைத் துடைத்தபடி இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். ஆற்றங்கரையில் படகுக்காகக் காத்திருந்த தன் தாயைப் பற்றி அவர் பதினான்கு பக்கம் எழுதி வந்தார். அதில் "படகு வரும்" என்ற வாக்கியம் மட்டும் இருபத்தாறு முறை வந்தது. இருபத்தைந்தை, அவற்றை ஒட்டிய பத்திகளோடு சேர்த்து வெட்டினேன். (ஒவ்வொன்றின் ஓரத்திலும் "முன்பே கூறப்பட்டது" என்று எழுதியதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.)

"ரீச்சர், அது சபை பதில் சொல்லும் இடம்," என்றார் அவர், மிகப் பணிவாக.

"இங்கே சபை பதில் சொல்லாது, பாஸ்டர். கேட்கும்."

எஞ்சிய மூன்று பக்கங்களைப் பத்தரை நிமிடத்தில் வாசிக்கப் பழக்கினேன். பரீட்சை நாளில், பதற்றத்தில், நான்கே நிமிடத்தில் முடித்துவிட்டார். ஒரு பரீட்சகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் என் கால் சப்பாத்தைப் பார்த்தேன்.

போதகர் பசியோடு போகக்கூடாது என்று ஒரு பெட்டி றோல்ஸுடன் வந்திருந்த அம்மா என் காதருகே குனிந்தார். "முடிஞ்சுதோ? உவர் இன்னும் தொடங்கவே இல்லைப் போல கிடக்கு."

பாஸ்டர் தாள்களை மடித்து வைத்தார். கண்களை மூடி, நான் வெட்டியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப அழைத்தார். இரு கைகளையும் உயர்த்தி, "படகு வரும்," என்றார், பதிலுக்குக் காத்திருந்தார். டேனிஷ்காரர்கள் மடியில் கைவைத்து மரியாதையாக அமர்ந்திருந்தனர். பேசுபவருக்கு நடுவில் வாய்திறப்பது அவர்களுக்கு அநாகரிகம். அவருடைய நான்கு மாணவத் தோழர்களும் என் பேச்சை நம்பி அப்படியே இருந்தார்கள். நான்காவது முறை, கைகளையும் குரலையும் இன்னும் உயர்த்தினார்.

கோயிலில் தீபம் உயரும்போது, கைகளும் குரலும் உயரும்போது என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு எவரும் கற்பித்ததில்லை. நடை பழகியதுபோல் அதுவும் எனக்குள் வந்து சேர்ந்திருந்தது. அன்று வாய்விட்டு வந்தது.

"அரோகரா!"

வெட்கப்பட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. ஓர் அரோகராவைத் தனியே விட்டுப் பழக்கமில்லாத அம்மா, தலைக்குமேல் கைகூப்பி, என்னிலும் உரக்கப் பதில் கொடுத்தார். அடுத்த "படகு வரும்" என்பதற்கு நான்கு போதகர்களும் சேர்ந்துகொண்டார்கள். அதற்கடுத்ததற்கு ஓர்கன் வாசிப்பவரும். பத்தொன்பதாவது நிமிடத்தில் பரீட்சகர்களே நிறுத்த வேண்டியதாயிற்று.

அது எந்த மொழியின் ஆமென் என்று தலைமைப் பரீட்சகர் என்னிடம் விசாரித்தார். நான் அடிக்குறிப்புகளுடன் விளக்கத் தொடங்கினேன். அம்மா அவர் கையில் ஒரு றோல்ஸை வைத்து அவரைக் காப்பாற்றினார்.

பாஸ்டருக்கு இடம் கிடைத்தது. மதிப்பீட்டில், வாசித்த பகுதி உயிரற்றது என்றும் பிறகு பேசியது சிறப்பு என்றும் எழுதியிருந்தார்கள். உயிரற்ற பகுதி முழுவதும் என் உழைப்பு.

பஸ்ஸில் அம்மா சொன்னார்: "கோயில்ல வாய் திறக்காத பிள்ளை, கடைசியில சேர்ச்சிலதான் திறந்தனி."

பாஸ்டர் இப்போது கோல்டிங்கில் ஊழியம் செய்கிறார். சென்ற நத்தார்ப் பண்டிகைக்குப் போயிருந்தோம். பிரசங்கத்தில் அவர் "படகு வரும்" என்ற இடத்தில், மூன்றாம் வரிசையிலிருந்த ஒரு டேனிஷ் முதியவர் பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "அரோகரா," என்றார்.

வீட்டில் நான் யாருடைய வாக்கியத்தையாவது திருத்தத் தொடங்கினால் அம்மா மறுத்துக் கதைப்பதில்லை. கறிக் கரண்டியோடு இரு கைகளையும் உயர்த்திக்கொண்டு நிற்கிறார். நான் பதில் சொல்லும்வரை சோறு கோப்பைக்கு வருவதில்லை.