இஸ்திரிப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற சிம்பல்

கம்ப்யூட்டரில் கண்ணில் படுகிற பொத்தானையெல்லாம் அமுக்கிப் பார்ப்பவர்களில் இரண்டு வகை உண்டு. அமுக்கிவிட்டு, என்ன ஆனது என்று தெரிந்துகொள்பவர்கள் ஒரு வகை. அமுக்கிவிட்டு, ஒன்றுமே ஆகாதது போல முகத்தை வைத்துக்கொள்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது. (எங்கள் வீட்டில் புது வாஷிங் மெஷின் வந்தபோது என்னை ஒரு வாரம் அதன் பக்கமே விடவில்லை.)

அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர் வேலைகளைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் டிரெயினியாகச் சேர்ந்த புதிது. முதலாளி சென்னியப்பன் சார் அதுவரை மற்ற கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். முதன்முதலாக, நேரடியாக ஒரு வெளிநாட்டு பையரை, அதாவது துணி வாங்கும் கம்பெனியை, பிடித்திருந்தார். சாம்பிள் டீ-சர்ட் ஓகே ஆனால் ஆர்டர். இல்லையென்றால் பழையபடி அடுத்தவர் துணியைத் தைக்க வேண்டியதுதான். எனக்கும் வேறு கம்பெனி பார்க்க வேண்டியதுதான்.

என்னிடம் ஒப்படைத்தது வாஷ்கேர் லேபிள். டீ-சர்ட்டின் உள்ளே இடுப்போரத்தில் உறுத்திக்கொண்டே இருக்குமே, அந்தத் துண்டு. பையர் அனுப்பிய வாசகத்தை வேர்டில் டைப் செய்து, கூடவே துவைக்கும் தொட்டி, இஸ்திரிப்பெட்டி சிம்பல்களை வைத்து, லேபிள் அச்சடிப்பவருக்கு அனுப்ப வேண்டும். முடித்தும்விட்டேன். அத்தோடு சும்மா இருந்திருக்கலாம்.

‘வியூ’ என்று ஒன்று மேலே இருந்தது. அமுக்கினேன். ரீட் மோடில் மெனுவெல்லாம் மறைந்து பக்கம் புத்தகம் மாதிரி விரிந்தது. வெளியே வர வழி தெரியாமல், கொஞ்ச நேரம் நிஜமாகவே படிப்பவள் போல உட்கார்ந்திருந்தேன். வெப் லேஅவுட்டில் வரிகள் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடின. டிராஃப்டில் பக்கத்தின் ஓரங்களையே காணோம். எழுதியதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, பார்க்கிற விதம் மட்டும் மாறுகிறது! எனக்குத் தாங்கவில்லை. வேறொரு மூலையில், P என்ற எழுத்தைத் திருப்பிப் போட்டு இரண்டு கால் வைத்தது போல ஒரு பொத்தான் இருந்தது. அதை மட்டும் ஏன் விட வேண்டும்?

பிறகு பிரிண்ட் லேஅவுட்டுக்குத் திரும்பினால், வார்த்தைக்கு வார்த்தை நடுவே பொடிப் புள்ளிகள். எல்லாம் முடிந்த இடத்தில், இஸ்திரிப்பெட்டிக்குப் பக்கத்தில், அதே திருப்பிப் போட்ட P. பிரிண்ட்டுக்குப் போவதென்றால் இப்படித்தான் புள்ளி வைக்கும் போல என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். பார்க்க அழகாக வேறு இருந்தது. திரையை அப்படியே படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினேன்.

எங்கள் ஊர் லேபிள்காரர்கள், பார்ட்டி அனுப்பியதில் எதையும் கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். லேபிள் யூனிட் ஜாபர் பாய் ஒரு சந்தேகத்துக்குப் போன் செய்தார். புள்ளிகளை டிசைன் என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டாராம்.

“இஸ்திரிப்பொட்டிக்குப் பக்கத்துல ஒண்ணு நிக்குதேம்மா, இந்தச் சிம்பல் நாங்க அடிச்சதே இல்லீங்களே?”

தெரியாது என்று சொல்ல வாய் வந்தால்தானே? “பையர் கேட்டதுங்க பாய்” என்றேன். பையர் கேட்டது என்று சொல்லிவிட்டால், திருப்பூரில் அதற்குமேல் கேள்வி கிடையாது.

லேபிள் வந்தது. சென்னியப்பன் சார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது என்ன என்றார். நான் மென்று விழுங்குவதற்குள் அவரே கண்டுபிடித்துவிட்டார். “அட, ரெண்டு கம்பம், மேல துணி தொங்குது பாரு கண்ணு. கொடியில போட்டுக் காயவெக்கோணும்னு அர்த்தம்.” எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆமாங்க சார் என்றேன். சாம்பிள் கூரியரில் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் வீடியோ காலில் பையர் கம்பெனிப் பெண், டீ-சர்ட்டின் உள்பக்கத்தைக் காட்டி, இந்தச் சிம்பல் என்ன என்று கேட்டாள். நான் மேஜையைப் பார்த்தேன். சார் முன்னால் வந்து, “லைன் ட்ரை மேடம். இண்டியன் சன், வெரி குட்” என்று கம்பீரமாகச் சொன்னார்.

அவள் தன் திரையைப் பகிர்ந்து, ஏதோ ஒரு கடிதத்தைத் திறந்து, அந்தப் பொத்தானை அமுக்கினாள். கடிதம் பூராவும் புள்ளி, பத்திக்குப் பத்தி ‘கொடியில் காயும் துணி’. பத்தி முடிகிற இடத்தைக் காட்டும் அடையாளம் இது, திரையில் பார்ப்பதற்கு மட்டும்தான், அச்சில் வராது என்று விளக்கினாள். எங்கள் கம்பெனியில் மட்டும் வந்துவிட்டது. ஆர்டர் போச்சு, வேலை போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன்.

சார் திரைக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனார். “ஒன்ஸ் மோர் மேடம்” என்றார். அவள் அமுக்கினாள், போனது. மறுபடி அமுக்கினாள், வந்தது. அவர் என்னிடம் திரும்பினார்.

“ஏங்கண்ணு, அப்ப இத்தன வருசமா நாம டைப் பண்ணுன லெட்டர்லயெல்லாம் இது உள்ளயே இருந்துச்சா?”

“இருந்திருக்குதுங்க சார்.”

“பாரேன்!” என்றார். அவர் முகத்தில் இருந்த ஆச்சரியத்தைப் பார்த்து அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. துணியும் தையலும் நன்றாக இருக்கின்றன, லேபிளை மட்டும் மாற்றுங்கள் என்றாள். ஆர்டர் வந்தது. வீடியோ கால் முடிந்ததும் எனக்கு விழுந்த திட்டும் அச்சில் வராத வகைதான்.

என் கல்யாணத்துக்குச் சார் மாப்பிள்ளைக்கென்று ஒரு டீ-சர்ட் கொண்டுவந்தார். ஜாபர் பாயிடம் சொல்லி, லேபிளில் அந்த ஒரே ஒரு சிம்பலை மட்டும் பெரிதாக அடித்து வாங்கியிருந்தார். இது என்னங்க என்று கேட்ட என் கணவரிடம், சிரிக்காமல் சொன்னார்: “பேச்சு முடிஞ்சுதுன்னு காட்டற சிம்பலுங்க மாப்ள. உங்கூட்டுக்காரம்மா பேசறப்ப இது தெரியற வரைக்கும் குறுக்க வாயத் தொறந்துறாதீங்க.”

என் கணவர் இன்றுவரை அதைக் கடைப்பிடிக்கிறார். நான் எதற்காவது பேச ஆரம்பித்தால், என் மகள் மெதுவாக அவரிடம் போய், அம்மாவுக்குச் சிம்பல் வந்துருச்சா என்று கேட்பாள். அவர் என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்வார்:

“இன்னும் புள்ளிதான் கண்ணு வந்துட்டிருக்குது.”