பல்லுக்காரரின் சம்பா பல்

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே தன் பல்லைத் தவிர வேறு எதையும் நம்பாத ஒரே ஆள் எங்கள் பல்லுக்காரர்தான். அந்தப் பல்லைத்தான் அவர் ஒருநாளும் ஒழுங்காகத் துலக்கியதில்லை.

அம்மாபேட்டைப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் நான் எடை போடுகிறவன். அவர் வேலை, வந்து இறங்கும் நெல்லில் ஈரம் எவ்வளவு என்று சொல்வது. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு நெல்லை எடுப்பார். கடைவாயில் வைத்துக் 'கடக்'கென்று கடிப்பார். கச்சேரி கேட்கிறவர் மாதிரி கண்ணை மூடித் தலையைச் சாய்த்து, "பத்தொம்போது. இன்னும் ஒருநாள் வெயில்ல போடுங்க" என்பார். உமியை என் செருப்புக்குப் பக்கத்தில் துப்புவார். இருபது வருஷமாக இதே கூத்து. வலப்பக்கப் பல் குறுவைக்கு, இடப்பக்கப் பல் சம்பாவுக்கு என்று வாயை வேறு பாகம் பிரித்து வைத்திருந்தார்.

முதலாளி ஈரம் பார்க்கும் மிஷின் ஒன்று வாங்கி வந்தார். பல்லுக்காரர் சொன்ன எண்ணையே அதுவும் காட்டியது. அவர் அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, கத்துக்குது" என்றார். இந்தத் திமிருக்குத்தான் பல்வலி வந்தது என்பது என் கட்சி.

வந்தது சம்பா பல்லில். கன்னம் வீங்கிய பிறகும் கிராம்பு, உப்பு, புகையிலை என்று வாய்க்குள் ஒரு மளிகைக்கடையே நடத்தினார். கடைசியில் நான்தான் ஸ்கூட்டரில் ஏற்றித் தஞ்சாவூர் பல் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். பொறுமைசாலி அந்த அம்மா. ஊசி போட்டு, சொத்தையைக் குடைந்து, நரம்பை எடுத்து, மருந்து வைத்து அடைத்தார்.

"இது தற்காலிகமா அடைச்சிருக்குங்க ஐயா. அடுத்த வாரம் வாங்க. அதுவரைக்கும் அந்தப் பக்கம் எதையும் கடிக்காதீங்க."

பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். திரும்பி வந்து மில் கேட்டில் இறங்கினால், நெல்லோடு ஒரு டிராக்டர் நிற்கிறது. ஊசி போட்டு மரத்துப்போன பக்கம்தானே என்று அதே பல்லில் 'கடக்'. அடைத்தது உமியோடு சேர்ந்து கீழே விழுந்தது.

"டாக்டர்கிட்டயே போயிடலாம்ண்ணே" என்றேன்.

"நரம்பையே எடுத்தாச்சு. இனிமே எது வலிக்கப் போவுது?"

அன்று சாயங்காலமே மெழுகுவத்தியை உருக்கித் தவிட்டில் பிசைந்து ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டார். ரைஸ் மில்லில் தவிட்டுக்கா பஞ்சம்.

அடுத்த வாரம் என்பது அவர் கணக்கில் இரண்டு மாதம் கழித்து வந்தது. டாக்டரம்மா ஓட்டையிலிருந்து எதையோ தோண்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது என்னங்க ஐயா?"

"தவிடுங்க. சத்தானதுதான்."

அந்த அம்மா சுத்தம் செய்து, வேரை அடைத்து, ரூட் கேனாலை முடித்துவிட்டு, சீக்கிரம் வந்து பல்லுக்கு மேல் கேப் போட்டுக்கொள்ளச் சொன்னார். இவர் போகவில்லை. "கேப் போட்டா நெல்லு பேசறது கேக்காது தம்பி" என்று எனக்கு விளக்கம் வேறு.

மார்கழியில் ஈறில் கொப்புளம் கிளம்பிச் சீழ் வைத்தது. முதலாளி என்னிடம், "சம்பா வரப்போவுது. அவருக்கு முடியலன்னா வீட்ல இருக்கட்டும்ப்பா. மிஷின் இருக்குல்ல?" என்றார். பல்லுக்காரர் பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் தானாக வந்து என் ஸ்கூட்டரில் ஏறினார்.

எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கறுப்பாக ஒரு நிழல்.

"வாயில இருந்த கிருமி அந்த ஓட்டை வழியா இறங்கி உள்ளயே தங்கிடுச்சுங்க" என்றார் டாக்டரம்மா.

"நரம்பே இல்லாத எடத்துல அதுக்கு என்ன வேலை?"

"காலி வீடுதாங்க அதுக்கு வசதி. கேக்க ஆளில்லையே."

மறுபடி திறந்து சுத்தம் செய்து கேப் போடலாம், இல்லையென்றால் பிடுங்க வேண்டியதுதான் என்றார். வலப்பக்கப் பல்லிலும் விரிசல் விட்டிருந்தது. "எப்படிப் பண்ணாலும் சரி, இனிமே நெல்லு கடிக்கக் கூடாது. ரெண்டு பக்கமும்."

மறுபடி திறக்கவே ஒத்துக்கொண்டார். திரும்பும் வழி முழுக்கப் பின்சீட்டில் கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்தார். எனக்குக் குளுகுளுவென்று இருந்திருக்க வேண்டும். இல்லை, பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினேன்.

தை பிறந்து முதல் சம்பா டிராக்டர் வந்தது. முதலாளி மிஷினோடு நின்றார். பல்லுக்காரர், புதுக் கேப்போடு, மூட்டைக்குள் கையை விட்டு ஒரு நெல்லை எடுத்தார். உதடு வரைக்கும் போன கை நின்றது. என்னைப் பார்த்தார். நெல்லை என் உள்ளங்கையில் வைத்தார்.

"பல்லு தொலக்கினியாடா?"

கேட்கிற ஆளைப் பாருங்கள். "தொலக்கினேண்ணே" என்றேன்.

"எடது பக்கம் வெச்சுக் கடி."

என் கன்னத்தோடு காதை ஒட்ட வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கடித்தேன். அத்தனை பேரும் காத்திருந்தோம்.

"பதினெட்டு."

முதலாளி மிஷினில் நெல்லைப் போட்டுப் பார்த்தார். பதினெட்டு. மிஷினைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

இப்போதெல்லாம் நான் இரண்டு வேளை பல் துலக்குகிறேன். அவருக்கு வேண்டியிருக்கிறதே.