'கரையோர எரிமலை' படித்தவர்கள்

மாணவர்களிடம் வாசிக்கும் பழக்கம் குறைந்துவருவதை மேலிடம் ஆழ்ந்த கவலையோடு கவனித்தது. கவனித்துவிட்டு வழக்கம்போல ஒரு சுற்றறிக்கை விட்டது. ஒவ்வொரு மாணவரும் தன் விருப்பப்படி ஒரு நாவலைத் தானே படித்து, ஆராய்ந்து, அந்த ஆராய்ச்சியைக் கண்ணால் பார்க்கத்தக்க மாதிரியாகச் செய்து கொண்டுவர வேண்டும். மாதிரியின் நீளம், அகலம், உயரம் எல்லாம் அதில் துல்லியமாகச் சொல்லப்பட்டிருந்தன. விளக்கு எரிந்தால் கூடுதல் மதிப்பெண். நாவல் எங்கே கிடைக்கும் என்பது மட்டும் விட்டுப்போயிருந்தது. அதை யாரும் கேட்கவும் இல்லை.

சுற்றறிக்கையால் உடனே பயனடைந்தவர் அண்ணாமலை நகரில் புராஜெக்ட் சென்டர் வைத்திருக்கும் செம்பியன். அவர் கையில் தெர்மாகோலைக் கொடுத்தால் சூரியக் குடும்பமே சுழலும். பிள்ளைகள் தாமாகச் செய்யவேண்டிய அத்தனையையும் அந்த வட்டாரத்தில் அவர்தான் செய்துவந்தார். இது வாத்தியார்களுக்கும் தெரியும், பெற்றோருக்கும் தெரியும். தெரிந்தே எல்லாரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

மேல வீதி ஸ்வர்ணலதா ஒரு சாயங்காலம் ஸ்கூட்டியை அணைக்காமலே கடை வாசலில் நின்றார்.

"அண்ணே, நம்ம சித்தார்த்துக்கு காலையில நாவல் புராஜெக்ட் வேணும்."

"தம்பி என்னா நாவல் படிச்சிதும்மா?"

"படிக்கிறதா? டியூஷன் முடிஞ்சு வரவே அவனுக்கு நேரம் சரியா இருக்கு. சுயவாசிப்பெல்லாம் நீங்களே பாத்துப் போட்டுடுங்க. லைட்டு எரியணும், அவ்ளோதான்."

செம்பியன் கடைக்குள் கண்ணை ஓட்டினார். அறிவியல் கண்காட்சிக்குச் சொல்லிவிட்டு யாரோ வாங்காமல் போன எரிமலை ஒன்று கிடந்தது. ஒரு கலங்கரை விளக்கமும், சிவப்பு விளக்கு மினுக்கும் மனித இதயமும் கிடந்தன. மூன்றையும் ஒரே அட்டையில் ஒட்டினார். ஒட்டி முடித்ததும் கதை தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. கடலூர்க் கரையில் கலங்கரை விளக்கக் காவலாளிக்கு ஒரு மகள், பெயர் தர்மாம்பாள். அவளுக்குக் காதல் வந்தது. அப்பா மறுத்தார். எரிமலை வெடித்தது. தலைப்பு 'கரையோர எரிமலை', எழுதியவர் தில்லைக் கதிரவன் என்று தங்க நிறத்தில் எழுதி, கீழே கதைச் சுருக்கத்தையும் ஒட்டி அனுப்பிவைத்தார்.

அது கடலூரில் மாவட்டப் போட்டிவரைக்கும் போனது. ஒயர் ஏதாவது பிடுங்கிக்கொண்டால் சரிசெய்ய செம்பியனும் கூடவே போயிருந்தார். நடுவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற பேராசிரியர் விஸ்வேஸ்வரன். இன்னொருவர், மாவட்டச் சுயவாசிப்புக் காட்சிப்படுத்தல் ஒருங்கிணைப்பு அலுவலர் சபாநாயகம். பதவியைச் சொல்லி முடிப்பதற்குள் அவரே வந்துவிடுவார்.

"கடலூர்ல ஏது சார் எரிமலை?" என்றார் பேராசிரியர்.

"ஏன், நீங்க நாவல் படிக்கலியா?" என்றார் சபாநாயகம்.

பேராசிரியருக்கு வியர்த்தது. "படிக்காம என்ன? ரெண்டு தடவை படிச்சேன். எரிமலை ஒரு குறியீடு. பிள்ளைங்களுக்குப் புரியுதான்னு கேட்டேன்."

"அதான பாத்தேன். நானும் அப்படித்தான் படிச்சேன்."

முதல் பரிசு. செம்பியன் ஒயரைச் சுருட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

அதன்பிறகு நாவல் பரவியது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களில் அதை மறுவாசிப்பு செய்தார்கள். மங்கலம்பேட்டையில் விமர்சனக் கூட்டம் நடந்தது. முற்பாதி அளவுக்குப் பிற்பாதி இல்லை என்று ஒருவர் குறைபட்டார். கடைசியில் இரண்டாவது சுற்றறிக்கை வந்தது: மாணவர்கள் தம் சொந்த விருப்பப்படி தேர்ந்தெடுக்க வேண்டிய நாவல் 'கரையோர எரிமலை' ஒன்றே. செம்பியன் கடையில் எரிமலைக்கு வரிசை நின்றது.

அவருக்கு வெண்மதி என்று ஒரு மகள். ஒன்பதாவது படிக்கிறாள். வடை கட்டிவந்த காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் தூக்கிப்போடுவாள். மாநில வாசிப்பு முகாமுக்குப் போகவேண்டும் என்பது அவள் ஆசை. ஆண்டு முழுக்க வேறு பேச்சே இல்லை. நாவல் புராஜெக்டில் நல்ல மதிப்பெண் எடுத்தால்தான் முகாமில் இடம். அப்பா கடையில் செய்துதரும் புராஜெக்டைத் தொடமாட்டாள், எதையும் தானே செய்வாள் என்பதால் அவரிடம் ஒன்றும் கேட்காமல், சிதம்பரம், கடலூர் நூலகங்களில் நாவலைத் தேடினாள். தன் அட்டையில், "இந்த நாவல் எங்கும் இல்லை" என்று எழுதி, தேடிய நூலகங்களை அழகாகப் படம் வரைந்து கொடுத்தாள்.

"நானே படிச்சிருக்கேன், உனக்கு மட்டும் எப்படிக் கெடைக்காம போவும்? சோம்பேறி" என்று அவள் வகுப்பு டீச்சர் பிரிசில்லா சைபர் போட்டார். முகாமும் கையைவிட்டுப் போனது.

செம்பியனுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. கடையை அடைத்துவிட்டுக் கடலூருக்கு பஸ் ஏறி, சபாநாயகத்தின் அலுவலகத்துக்குப் போனார்.

"ஐயா, அப்படி ஒரு நாவலே கெடையாதுங்க. எரிமலை மிச்சம் கெடந்துது, நான்தான் ஒட்டுனேன்."

சபாநாயகம் கண்ணாடியைக் கழற்றினார். "நான் படிச்ச நாவலை நீ எப்படிய்யா இல்லேன்னு சொல்லுவே?"

"யாருகிட்டயாச்சும் ஒரு புத்தகம் இருக்குதாங்க?"

"ஒண்ணுகூட மிச்சமில்லாம வித்துப்போச்சு. நல்ல நாவல்னா அப்படித்தான். கடைசியில தர்மாம்பாள் அந்த வெளக்கை அணைக்கிற எடத்துல நான் அழுதுட்டேன்யா!"

சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. அது நடிப்பில்லை என்பதுதான் செம்பியனைத் தூக்கிவாரிப் போட்டது. கதையில் அப்படி ஒரு இடத்தைச் செம்பியன் யோசிக்கவே இல்லை.

"ஒம் பொண்ணு முகாமுக்குப் போவணுமா, வேணாமா?"

"போவணுங்க."

"அப்ப ஒழுங்கா படிச்சிட்டு, புதுசா ஒரு புராஜெக்ட் கொண்டாரச் சொல்லு."

அவர் திரும்பிவந்தபோது கடை வாசலில் ஸ்வர்ணலதாவும் இன்னும் நாலைந்து அம்மாக்களும் காத்திருந்தார்கள். வெண்மதி நூலகப் புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு தெர்மாகோல் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"எல்லாரும் படிச்சேன்றாங்கப்பா. நான் மட்டுந்தான் இல்லன்றேன். எனக்குத்தான் எதுனா கோளாறா? நீ சொல்லு, நம்புறேன். நீ படிச்சிருக்கியா?"

செம்பியன் மகளைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். முகாமை நினைத்துக்கொண்டார்.

"படிச்சிருக்கேம்மா. நல்ல நாவலு."

வெண்மதி மடியிலிருந்த புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தாள்.

"அப்ப எனக்கும் ஒரு எரிமலை போட்டுடுப்பா. லைட்டு எரியணும்."