மெத்தைக்கு மட்டும் சுகமில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

பஞ்சர் கடைத் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் தம்பி பெண்டாட்டி, குட்டிம்மா மூவரும் சுகம். மெத்தைக்கு மட்டும் சுகமில்லை. அங்கே நீயும் மாமாவும் காய்ந்த படுக்கையில் நன்றாகத் தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன்.

குறை சொல்கிறேன் என்று நினைக்காதே அக்கா, ஆனால் குறைதான் சொல்கிறேன். போன முறை வந்தபோது நீதானே சொன்னாய், "புள்ளைய உட்கார வச்சு 'ஸ்ஸ்'னு சத்தம் குடுடா, தானா போயிடும்" என்று. போனாள். சீக்கிரமே பழகியும் விட்டாள். விட்டது தலைவலி என்று நாங்களும் இருந்தோம். ஆனால் என் தொழிலை நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பஞ்சர் கடையில் காலையிலிருந்து இருட்டும்வரை வேறு என்ன சத்தம் கேட்கும்? வால்வைத் திருகினால் ஸ்ஸ், கம்ப்ரஸர் குழாயைக் கழற்றினால் ஸ்ஸ், வாசலில் லாரி வந்து நின்றால் பெரிய ஸ்ஸ். பிள்ளை நின்ற இடத்திலேயே கடமையை முடித்துவிடும். ஒரு நாள் என் ஸ்பானர் பெட்டிமேல், இன்னொரு நாள் ஒரு வாடிக்கையாளரின் ஷூமேல். "பரவால்லப்பா, குழந்தைதானே" என்ற மனிதர் அப்புறம் இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. வீட்டில் குக்கர் பரணுக்குப் போய்விட்டது, காரணம் உனக்கே புரியும். பள்ளியில் சேர்த்தால் சரியாகும் என்று சேர்த்தோம். இரைச்சல் தாங்காமல் டீச்சர் வகுப்பைப் பார்த்து "உஸ்ஸ்" என்றாராம். சொன்ன பேச்சை உடனே கேட்டது நம் பிள்ளை ஒன்றுதான். "பழக்கிட்டுக் கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

பகலாவது தேவலை, ராத்திரியில் யாரும் ஸ்ஸ் சொல்லாமலே நனைகிறது. எந்த டியூபைக் கொடுத்தாலும் தண்ணீரில் முக்கி, ஓட்டை எங்கே என்று சொல்லிவிடுவேன், வீட்டில் என் பாச்சா பலிக்கவில்லை. டாக்டரிடம் கேட்டால், "தூக்கத்துல அதுக்குத் தெரியாதுங்க, வளர வளர நின்னுடும், திட்டாதீங்க" என்கிறார். திட்டுவதற்குத் தெம்பு ஏது? விடிந்தால் போர்வை துவைத்து, மெத்தையை ஆளுக்கொரு முனை பிடித்து மொட்டை மாடிக்குத் தூக்கிவிட்டு, அப்புறம்தான் அவரவர் வேலைக்கு ஓடுகிறோம். இவள் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் மிஷின்மேலேயே தூங்கிவிழுந்து, சட்டைக் கையைக் கொண்டுபோய்க் கழுத்தில் வைத்துத் தைத்திருக்கிறாள். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வீட்லயே இருந்துக்கோங்க" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து, "எல்லாம் உங்க அக்கா குடுத்த யோசனை" என்று என்மேல் எரிந்து விழுந்தாள்.

ஆகவே அக்கா, ஞாயிற்றுக்கிழமை வந்து குட்டிம்மாவைக் கொஞ்ச நாள் உன்னோடு கூட்டிப் போ. மூன்று பிள்ளைகளைப் பழக்கியவள் நீ. எங்களை விட்டு அவள் ஒரு நாளும் இருந்ததில்லை, கட்டாயம் அழுவாள். நாங்களும் அழுவோம், ஆனால் தூங்கி எழுந்து அழுவோம்.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் மூவரும் இன்றுபோல் என்றும் ஈரம் படாமல் வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
கண் சொருகியபடி,
உன் தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுமுன் விடிந்துவிட்டது. மெத்தையைத் தடவிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. இவளை எழுப்பிக் காட்டினேன், இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம்தான் பிள்ளை மெத்தையில் இல்லை என்பதே உறைத்தது. சுவரோரம் வெறுந்தரையில், நனைந்த கவுனோடு சுருண்டு கிடந்தாள். தொட்டதும் கண்ணைத் திறந்து, "மெத்த நனையலப்பா. நான் அத்தை வீட்டுக்குப் போக வேணாம்ல?" என்றாள். நாங்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்திருக்கிறது. இவள் பிள்ளையை ஈரத்தோடு அப்படியே வாரி எடுத்து, மெத்தை நடுவில் போட்டு, கட்டிப்பிடித்துப் படுத்துக்கொண்டாள். இந்தப் பக்கம் நான் படுத்துக்கொண்டேன். நீ வர வேண்டாம். மெத்தையை மாடிக்குத் தூக்க வேண்டும், இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.