பிரெஞ்சுக்காரர் சொன்ன ‘வா’

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, பிள்ளைகளே. தெரியாது என்றும் சொல்லவில்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அபுதாபியில் ஒரு நாடக அரங்கில் மேசை நாற்காலி தூக்க எங்கள் கம்பெனி ஆள் அனுப்பியது. பிரான்சிலிருந்து வயதான நடிகர் ஒருவர் வந்திருந்தார். முழங்கால் தேய்ந்தவர், இதுதான் அவருடைய கடைசி நாடகம். எங்கள் சூப்பர்வைசர் மலையாளி. “நீ பாண்டிச்சேரி அல்லே? அப்ப பிரெஞ்சு அறியும். சார்கூட நில்லு. விளிச்சா, சார் கூப்பிட்டா, ஓடிப்போய் கை பிடிக்கணும், கேட்டோ?” என்றார். (நம் ஊரிலிருந்து பாண்டிச்சேரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்!) வெயிலில் சைட்டுக்குப் போவதைவிட ஏசியில் நிற்பது மேல் என்று தலையாட்டிவிட்டேன்.

நடிகரின் இங்கிலீஷும் நொண்டி, என் இங்கிலீஷும் நொண்டி. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நடந்தன. கறிக்கடைக்காரர் மகனாம். நடிக்கப் போகிறேன் என்றதும், அவர் அப்பா ஒரே வார்த்தையில் வெளியே அனுப்பிவிட்டாராம். பிறகு அப்பாவைப் பார்க்கவே வாய்க்கவில்லை. நாடகக் கொட்டகையில் படுத்துக் கிடந்து நடிகரானார். சினிமாவில் முதலில் வந்தவுடனே சாகிற திருடன், அப்புறம் போலீஸ் அதிகாரி, தலை நரைத்ததும் எல்லோருக்கும் அப்பா. இந்த நாடகத்திலும் மகனைத் துரத்துகிற அப்பாதான். “அந்த ஒரு வார்த்தையை ஒழுங்காகச் சொல்லத்தான் இந்தக் காலோடு வந்தேன்” என்றார்.

என்ன வார்த்தை என்று அப்போதே கேட்டிருக்கலாம். (கேட்டால் என் பிரெஞ்சின் சாயம் வெளுத்துவிடுமே!)

அன்று அரங்கம் நிறைந்திருந்தது. மகனாக நடித்தவர், மேடை ஓரத் திரைக்குப் பின்னால் நான் நின்ற பக்கம் நடந்து வந்தார். பெரியவர் கண் கலங்க, இதே பக்கம் கையை நீட்டி, “வா!” என்றார். கொஞ்சம் பொறுத்து, தழுதழுத்து, மறுபடியும் “வா!”

ஐயோ, கால் வலியில் தமிழிலேயே கூப்பிடுகிறார்! ஓடினேன். நீல யூனிபார்மோடு மேடை நடுவில் நின்று, அவர் கையைப் பிடித்து, “வந்துட்டேன் சார்!” என்றேன். அவர் சட்டையில் மைக் இருந்தது. கடைசி வரிசையில் எவனோ ஒரு தமிழன், “யோவ், நீ யாருய்யா நடுவுல?” என்று கத்தினான். அரங்கமே சிரித்தது. அழ வேண்டிய இடம் அது.

பிரெஞ்சில் ‘வா’ என்றால் ‘போ’வாம்.

“கலாஸ், எல்லாம் முடிஞ்சு. நாளை முதல் சைட்” என்றார் சூப்பர்வைசர். அது எனக்கு உறைக்கவே இல்லை. அந்த மனிதர் முகத்தில் எப்படி விழிப்பது? ஒப்பனை அறையில் தலையைக் குனிந்துகொண்டு, “சாரி சார். தமிழில் ‘வா’ என்றால் ‘கம்’” என்றேன். அவர் தமிழ் ‘வா’வை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, “என் அப்பா தமிழில் சொல்லியிருப்பாரோ?” என்று சிரித்தார். சிரித்தபடியே முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒப்பனையைத்தான் துடைக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இதை உங்கள் அம்மாவிடம் சொன்னது அடுத்த முட்டாள்தனம். இப்போது வீடியோ காலில், “தங்கம், அப்பாகிட்ட பேச வா” என்று நான் கூப்பிட்டால் இரண்டு பேரும் எழுந்து ஓடுகிறீர்கள். “பிரெஞ்சுல கூப்பிட்டா புள்ளைங்க ஓடத்தானே செய்யும்?” என்கிறாள் அவள். நானும் சிரிக்கிறேன். ஆனாலும் நீங்கள் திரும்பி வந்து உட்காரும்வரை போனை வைப்பதில்லை.