மாப்பிள்ளை தொடாத பால் டம்ளர்

சிவகாசி,
வியாழக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை ஹரிபிரசாத் அவர்களுக்கு, மாமனார் ஜெயச்சந்திரன் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் அத்தை ஆவுடைத்தாயும் நலம். நலம் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதுகிறேன். மறுவீட்டுக்கு வந்த நீங்கள் பசியோடு பஸ் ஏறியதிலிருந்து எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

நீங்கள் ‘வீகன்’ என்று மகள் முத்துச்செல்வி முன்பே போனில் சொன்னாள். சைவத்துக்கு இங்கிலீஷ் பெயர் என்று நினைத்துவிட்டேன். முப்பது வருசமா சேவுப் பாக்கெட்டுக்கும் நெய் டப்பாவுக்கும் லேபிள் அடிக்கிற என் அச்சகத்துல பச்சைப் புள்ளி வெச்சா சைவம், அம்புட்டுதான் தெரியும். மூணு நாள் முன்னாலயே கறி, மீன், முட்டையை நிறுத்திச் சட்டிபானையை விளக்கிட்டோம். உள்ளே வந்ததும் பாலும் பழமும் குடுத்தா, பழத்தை எடுத்துக்கிட்டு டம்ளரைத் தள்ளி வெச்சீக. என் சித்தப்பா கனகசபாபதி அப்பவே முகத்தைச் சுளிச்சாரு. பந்தியில பருப்புக்கு நெய், பால் பாயசம், தயிரு, மோர்மிளகாய், நீங்க எதையும் தொடல. கூச்சப்படுறீகன்னு உங்க அத்தை ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை இலையில தட்டினா. நீங்க எந்திரிச்சீக. அங்கனதான் எனக்குப் புத்தி கெட்டுச்சு. “பாலக்கூட குடிக்காதவரு எம்பொண்ண எப்படி வெச்சுக் காப்பாத்துவாரு?”ன்னு சொந்தபந்தம் முன்னால கேட்டுட்டேன். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு இன்னவரைக்கும் எனக்கே தெரியல. நீங்க “போயிட்டு வர்றோம் மாமா”ன்னு மட்டும் சொன்னீக. மகள் அழுதுக்கிட்டே செருப்பை மாட்டினா.

பிறகு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். “அப்பா, கறி திங்காட்டி சைவம். அவுக வீகன், மாட்டுக்கிட்டருந்து பால்கூட எடுக்கக்கூடாதுன்னு சொல்றாக. தயிரு, நெய், தேனு, பட்டு எதுவும் ஆகாது.” பட்டுன்னதும் தலையில கை வெச்சுட்டேன். பட்டு வேட்டி எடுத்துக் குடுத்த பாவியும் நான்தானே! அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. இருபத்திரண்டு நாளாக என் போனை எடுக்கவில்லை.

தப்பு முழுக்க என்னோடது, மன்னிச்சுருங்க. தலைதீபாவளிக்கு ரெண்டு பேரும் கட்டாயம் வரணும். தேங்காய்ப்பால் பாயசம் ரெண்டு தடவை திரிஞ்சு, மூணாவது தடவை தேறிருச்சு. பலகாரம் எல்லாம் கடலையெண்ணெய்தான். வெடியிலயும் மாட்டுச் சமாச்சாரம் ஏதும் இல்லன்னு பட்டாசுக் கம்பெனியில விசாரிச்சுட்டேன்.

கை எட்டாத தூரத்திலிருந்து இருவர் தலையிலும் கை வைத்து ஆசீர்வதிக்கும்,
மாமனார் ஜெயச்சந்திரன்.

பி.கு.: கவரை ஒட்டும்போதுதான் உங்க அத்தை ஞாபகப்படுத்தினா. நீங்க மனசிறங்கி வந்தா, மாமனும் மாப்பிள்ளையும் சேர்ந்து இருக்கன்குடி மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிறதா போன வாரமே நேர்ந்துட்டேன். ஆத்தாகிட்டச் சொன்ன சொல்லை மாத்த முடியாது மாப்பிள்ளை. நீங்க குடத்தைத் தூக்கினாப் போதும், குடிக்க வேண்டாம்.