காதில் போட்டு வைத்தது

நாலாயிரத்து முந்நூற்று எண்பது ரூபாய். மகளின் பிரசவச் செலவுக்காக, நீதிமன்றக் கேண்டீன்காரரிடம் டவாலி வாங்கிய கடன் அது.

கேண்டீன்காரர் வராந்தாவில் வழிமறித்தபோது டவாலியின் தோளில் சிவப்புப் பட்டை, கையில் வெள்ளிப்பூண் போட்ட கோல். பின்னால் தலைமை நீதிபதி வந்துகொண்டிருந்தார். "உஷ்!" என்று டவாலி கோலைத் தரையில் தட்டினார். கேண்டீன்காரர் கைகட்டி ஒதுங்கினார். ஒதுங்கித்தான் ஆக வேண்டும். பதவிக்குள்ள மரியாதை அது.

முன்னொரு காலத்தில், ராஜாவின் பேரால் தீர்ப்புச் சொல்ல ஒரே ஓர் ஆள் குதிரை வண்டியில் வருவாராம். கூட்டத்தை அடித்து விலக்கத்தான் இந்தக் கோல். ராஜா போனார், வண்டியும் போனது, கோல் மட்டும் நின்றுவிட்டது. இப்போது கடன் கொடுத்தவர்களை விலக்க உதவுகிறது.

மதிய இடைவேளையில் அதுவும் உதவவில்லை.

"என்னய்யா, கோலைத் தட்டினா கடன் தீர்ந்துடுமா? சாயங்காலத்துக்குள்ள பணம் வரலேன்னா ரிஜிஸ்ட்ரார் அம்மாகிட்ட எழுதிக் கொடுத்துடுவேன்."

டவாலிக்கு ஓய்வு பெற ஒரு வருஷம்கூட இல்லை. பேரில் புகார் ஏறினால் பென்ஷன் அந்தரத்தில் தொங்கும்.

"முதலாளி, உங்க அண்ணன்கூட வீட்டு வழக்கு ஓடுதே..."

"அதுக்கென்ன இப்போ?"

"நான் யார் பக்கத்துல நிக்கறேன்? அய்யா காதுல போட்டு வைக்கறேன்."

பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்.

"அவர் நினைச்சா நடக்குமா?"

"எந்த வழக்கு எந்த ஜட்ஜ்கிட்ட போகணும்னு பிரிச்சுக் கொடுக்கறதே அவர்தானே."

அது உண்மை. மூன்று நீதிபதிகளாக உட்கார்ந்தால் அவர் சொல்வதும் மூன்று கருத்தில் ஒன்றுதான் என்பதும் உண்மை. டவாலி அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை கேண்டீன்காரர் பார்வையாளர் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். டவாலி வழக்கம்போல் நாற்காலியை இழுத்துப் போட்டு, வழக்கம்போல் குனிந்து, வழக்கம்போல் கேட்டார்: "தண்ணி வைக்கட்டுங்களாய்யா?"

தலைமை நீதிபதி நேரே பார்த்தபடி தலையாட்டினார். கேண்டீன்காரர் இருந்த இடத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்று சாயங்காலம் டீ இலவசம். "நீ சொன்னது ரெண்டே வார்த்தை. மனுஷன் தலையாட்டிட்டாரே!"

கேண்டீன்காரருக்கு வாயில் எதுவும் தங்காது. சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் வந்து நின்றார்.

"அண்ணே, என் மச்சான் வழக்கையும் ஒரு வார்த்தை..."

"அதெல்லாம் முடியாதுப்பா."

"டீ கொடுக்கறவங்களுக்கு மட்டும்தானா? இருங்க, ரிஜிஸ்ட்ரார் அம்மாகிட்டயே கேக்கறேன்."

அவர் வாயை அடைக்க டவாலி சரி என்றார். அவர் மறுநாள் மாமியாரையும் கூட்டிவந்தார். நாலைந்து நாளில் கோர்ட்டில் உட்கார இடமில்லை. வக்கீல்களை ஒருவரும் பார்க்கவில்லை. டவாலி குனிந்தால் போதும், அத்தனை கழுத்தும் எக்கியது.

குனிந்தால்தானே வம்பு? மறுநாள் டவாலி விறைத்து நின்றார். நாற்காலியைத் தொடவே இல்லை.

தலைமை நீதிபதி நின்றார். அவர் உட்காராமல் யாரும் உட்காரக் கூடாது. இரண்டு பக்கமும் நீதிபதிகள் நின்றார்கள். வக்கீல்கள் நின்றார்கள். மூட்டுவலிக்கார மூத்த வக்கீல் மேஜையைப் பிடித்துக்கொண்டார். கூண்டில் இருந்தவனுக்கு மட்டும் வித்தியாசம் தெரியவில்லை.

"ரெண்டு பேருக்கும் ஏதோ மனஸ்தாபம் போலிருக்கு" என்றாள் சைக்கிள் ஸ்டாண்டுக்காரரின் மாமியார். அது எல்லோருக்கும் கேட்டது.

மதியமே ரிஜிஸ்ட்ரார் அம்மா கூப்பிட்டுவிட்டார்.

"அய்யா காதுல வழக்கு பேசறீங்களாமே? நான் அவரையே கேட்டுடறேன்."

சாயங்காலம் தலைமை நீதிபதியின் அறை. முன்னாள் தலைமை நீதிபதிகள் சுவரில் படங்களாக வரிசையாய் இருந்தார்கள். அத்தனை பேரும் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது டவாலிக்கு. பின்னால் நின்று அவர் அங்கியைக் கழற்றும்போது, வழக்கமாக நிற்கும் பக்கமே காதருகே போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"கடனுக்குப் பயந்து உங்க பேரை வித்துட்டேன்யா. ஒரு வழக்கும் உங்ககிட்ட பேசலை. எந்தத் தண்டனைன்னாலும் கொடுங்க."

தலைமை நீதிபதி தலையாட்டினார். மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டார்.

அன்றிரவு டவாலி சாப்பிடவில்லை. அவர் மனைவி கைவளையல்களைக் கழற்றி வைத்தாள். காலையில் அடகுக்கடை திறந்ததும் பணத்தோடு கேண்டீனுக்கு வந்தார்.

"எண்ணிக்கோங்க முதலாளி. நான் அவர்கிட்ட கேட்டது தண்ணி மட்டும்தான். உங்க வழக்கைப் பத்தி மூச்சு விடலை."

கேண்டீன்காரர் எண்ணி மேஜை இழுப்பறைக்குள் போட்டார். "கடன் தீர்ந்தது, சரி. ஆனா தலையாட்டினாரேய்யா! நான் கண்ணால பார்த்தேனே!"

"நேத்து என் குத்தத்தை ஒத்துக்கிட்டப்பவும் அதேமாதிரி ஆட்டினார். என் வேலை போச்சு."

மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த தலைமை நீதிபதியின் கார் டிரைவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நேத்து கார்கிட்ட வந்து ரிஜிஸ்ட்ரார் அம்மா கேட்டதுக்கு அய்யா விழுந்து விழுந்து சிரிச்சாருப்பா, இப்படி நாலு பேர் உன்னைப் பிடிப்பாங்கன்னு தெரிஞ்சுதானே, பதவி ஏத்த அன்னிக்கே உன்னைத் தன்னோட கேக்காத காதுப் பக்கமா நிறுத்தச் சொன்னாரு!"